கண்ணுக்குப் புலனாகாத ஊழியன்: காமாக் கதிர்கள்

"கதிரியக்கம்" என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம்மிற் பலருடைய நினைவில் எழுவன யாவை? 1945ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஹிரோஷிமா, நாகசாகி ஆகிய நகரங்களின்மீது வீழ்ந்த அணுகுண்டுகள். 1986இல் செர்னோபில் அணு உலையில் நேர்ந்த பெருவிபத்து. 2011இல் கடல் பொங்கி எழுந்து ஜப்பானின் ஃபுக்குஷிமா அணு உலைகளுக்கு விளைவித்த கேடு. இவை யாவும் வரலாற்று உண்மைகள். இவற்றை எண்ணி மக்கள் அஞ்சுவதில் வியப்பொன்றும் இல்லை.

ஆயினும் உண்மைக்கு மற்றொரு முகமும் உண்டு. மருத்துவமனையில் உறையைக் கிழித்து எடுக்கப்படும் கையுறை, அறுவைக்குப்பின் காயத்தைத் தைக்கும் நூல், வெளிநாடு செல்லும் மாம்பழம், அடுக்களையில் உள்ள மசாலாத் தூள், மின்நிலையக் கொதிகலனின் பற்றவைத்த குழாய் ஆகிய இவற்றுள் பல, நம் கைக்கு வந்து சேருமுன் காமாக் கதிரின் பார்வையைக் கடந்தே வருகின்றன. அனைத்திற்கும் மேலாக, புற்றுநோயால் வாடும் எண்ணற்றோர் இக்கதிரின் துணைகொண்டே மீண்டும் தம் பிள்ளைகளிடம் வந்து சேருகின்றனர்.

அச்சம் நல்லதே, அளவறிந்த அச்சம் மனிதனைக் காக்கும். ஆனால் அறியாமையிற் பிறந்த அச்சமோ, காக்க வேண்டிய உயிரைக் கைவிடச் செய்யும். நோயாளிகளைக் காணச் செல்லும் இடங்களில் இவ்வுண்மையை நாம் நேரிலேயே காண்கின்றோம். ஆதலால், காமாக் கதிர் என்பது யாது, அது எங்ஙனம் நமக்கு ஊழியம் செய்கின்றது, எங்கே நாம் எச்சரிக்கையாய் இருத்தல் வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் எளிய முறையில் காண்போம்.

காமாக் கதிர் என்பது யாது?

1895இல் ஜெர்மானிய அறிஞர் ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே பாரிஸ் மாநகரில் ஹென்றி பெக்கரெல், யுரேனியம் என்னும் தனிமம் தானாகவே கதிர்களை வெளியிடுவதைக் கண்டார். 1898இல் மேரி கியூரி அம்மையாரும் அவர்தம் கணவர் பியர் கியூரியும் ரேடியத்தை உலகிற்கு அறிவித்தனர். அந்த ரேடியத்தை ஆராய்ந்த பால் வில்லார் என்னும் பிரெஞ்சு அறிஞர், 1900ஆம் ஆண்டில், அதுவரை அறியப்பட்ட கதிர்களை எல்லாம் விட மிக ஆழமாக ஊடுருவும் புதியதொரு கதிரைக் கண்டார். அதற்குக் "காமா" என்று பெயர் சூட்டியவர் ரூதர்போர்டு. கிரேக்க நெடுங்கணக்கின் முதல் மூன்று எழுத்துகளான ஆல்ஃபா, பீட்டா, காமா என்பனவே அம்மூன்று கதிர்களுக்கும் பெயர்களாய் அமைந்தன.

ஆல்ஃபாக் கதிரை ஒரு தாள் தடுத்து நிறுத்தும். பீட்டாக் கதிரை மெல்லிய அலுமினியத் தகடு தடுக்கும். காமாவோ இவற்றை எல்லாம் ஊடுருவிச் செல்லும். கோபால்ட்-60 என்னும் தனிமத்திலிருந்து வரும் காமாக் கதிரை, ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் கனமுள்ள ஈயத்தகடு பாதியாகக் குறைக்கும். அதே கனமுள்ள மற்றொரு தகடு எஞ்சியதைப் பாதியாக்கும். இவ்வாறு அடுக்கடுக்காய்த் தடுத்தே அதனை அடக்குதல் வேண்டும்.

இங்ஙனம் கூறுவதால் அது ஏதோ மாயப்பொருள் என்று எண்ணற்க. காமாக் கதிர் என்பது ஒளியின் உடன்பிறப்பே. வானொலி அலை, நாம் காணும் ஒளி, எக்ஸ் கதிர், காமாக் கதிர் ஆகிய யாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒளியின் வேகத்திலேயே செல்பவை. ஆற்றலில் மட்டுமே அவை வேறுபடுகின்றன. காமா, அணுவின் உட்கருவிலிருந்து பிறப்பதால் பேராற்றல் படைத்தது.

இக்கதிர் நமக்குப் புதியதும் அன்று. நம் உடலில் உள்ள பொட்டாசியத்தில் ஒரு சிறு பங்கு இயற்கையாகவே கதிரியக்கம் உடையது. வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் ஒவ்வொரு நொடியிலும் ஏறத்தாழ நாலாயிரம் பொட்டாசிய அணுக்கள் சிதைகின்றன. அவற்றுள் பத்தில் ஒரு பங்கு காமாக் கதிரையும் வெளியிடுகின்றது. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் தோரியம் அடங்கிய மோனசைட் என்னும் கனிமம் உண்டு. அங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கொண்டே 1909இல் ஷாம்பர்க் என்னும் ஜெர்மானியர் அதனை அடையாளம் கண்டார். திருவிழா இரவுகளில் நம் ஊர்களை ஒளிரச் செய்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் வலைக்கு அந்நாளில் தோரியமே உயிர்நாடி. கடலோரக் கேரளத்துக் கருநாகப்பள்ளியில், இத்தகைய மணலின்மேல் தலைமுறை தலைமுறையாய் வாழும் மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆய்ந்தவர்கள், அம்மணலின் காமாக் கதிரால் அங்குப் புற்றுநோய் மிகுந்திருப்பதாகக் காணவில்லை. கதிர் என்றாலே சாவு என்பதன்று. அளவே அனைத்தையும் முடிவு செய்கின்றது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

பிணி தீர்க்கும் கதிர்

காமாக் கதிர் உயிரணுவினுள் புகும்போது, அவ்வணுவின் மரபுச் செய்தியைத் தாங்கும் நுண்ணிழைகளை அறுக்கின்றது. இழை அறுந்த அணு பெருக இயலாமல் மடிகின்றது. இதுவே அதன் தீமை. இதுவே அதன் நன்மையும் ஆகும். ஏனெனில் புற்றுநோய் என்பது கட்டுப்பாடின்றிப் பெருகும் அணுக்களின் கூட்டமே அன்றோ?

கோபால்ட் என்னும் உலோகத்தை அணு உலையினுள் வைத்தால், அது நியூட்ரான்களை ஏற்று கோபால்ட்-60 ஆக மாறுகின்றது. கனடா நாட்டின் லண்டன் என்னும் நகரில், 1951ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், முதன்முதலாக ஒரு நோயாளிக்குக் கோபால்ட் கருவியால் சிகிச்சை அளிக்கப்பட்டது. அதுவரை ரேடியமே மருத்துவர்களுக்குத் துணை. அதுவோ கிடைத்தற்கரியது, விலை மிக்கது. கோபால்ட் வந்தபின்னரே ஆழத்தில் ஒளிந்துள்ள கட்டிகளுக்கும் எளிய மக்கள் சிகிச்சை பெறும் வழி பிறந்தது.

நம் மாநிலமும் இதிற் பின்தங்கவில்லை. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பலிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளாகவே அங்குக் கோபால்ட் கருவியும் நிறுவப்பெற்றது. டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 2021இல் மறைந்த டாக்டர் சாந்தா அம்மையாரும் தம் வாழ்நாளையே அப்பணிக்கு ஈந்தனர். பின்னாளில் மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் "பாபாட்ரான்" என்னும் கோபால்ட் கருவியை நம் நாட்டிலேயே வடிவமைத்தனர். இன்று பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் நேர்கோட்டு முடுக்கி எனப்படும் கருவி இடம்பெற்றுள்ளது. அது கோபால்ட்டின்றி, மின்னாற்றலால் வலிமைமிக்க எக்ஸ் கதிரை உண்டாக்கும். பிறக்கும் இடம் வேறாயினும், செய்யும் தொழில் ஒன்றே.

கோபால்ட்-60இன் வலிமை ஏறத்தாழ ஐந்தேகால் ஆண்டுகளில் பாதியாகக் குறைந்துவிடும். எனவே முதல் ஆண்டில் இரண்டு நிமிடத்தில் அளிக்கும் கதிரை, ஐந்தாண்டுகளுக்குப்பின் அளிக்க நான்கு நிமிடம் வேண்டும். மருத்துவ இயற்பியலார் திங்கள்தோறும் இதனைக் கணக்கிட்டு நேரத்தைத் திருத்துவர். "முன்பு வந்தவருக்குச் சிறிது நேரம், எனக்கு மட்டும் நெடுநேரமா?" என்று கலங்கும் நோயாளிகள் இதனை அறிந்தால் ஆறுதல் பெறுவர்.

மூளையினுள் தோன்றும் சிறு கட்டிகளுக்கு வேறொரு முறை உண்டு. சுவீடன் நாட்டு அறுவை மருத்துவர் லார்ஸ் லெக்செல் என்பார் 1960களின் இறுதியில் "காமாக் கத்தி" என்னும் கருவியை உருவாக்கினார். பெயரிற் கத்தி உண்டேயன்றி, உண்மையிற் கத்தி இல்லை. ஏறத்தாழ இருநூறு கோபால்ட் ஊற்றுகளிலிருந்து வரும் மெல்லிய கதிர்கள் ஒரே புள்ளியிற் குவிகின்றன. தனித்தனியே ஒவ்வொரு கதிரும் வலிமை குன்றியதாதலால், அது கடந்து செல்லும் மூளைப் பகுதிக்கு ஊறு மிகக் குறைவு. அனைத்தும் கூடும் இடத்திலோ கட்டி அழிகின்றது. ஊர் கூடித் தேர் இழுப்பது போன்றதே இதுவும்.

"கரண்ட் வைக்கிறார்கள்" என்னும் பேச்சு

கதிர்ச் சிகிச்சையை நம் மக்கள் "கரண்ட் வைத்தல்" என்றே கூறுகின்றனர். இச்சொல் விளைத்த தீங்கு சிறிதன்று. மின்சாரம் உடலிற் பாயும், துடிதுடிக்க வேண்டியிருக்கும் என்று அஞ்சி, மருத்துவர் குறித்த நாளில் செல்லாமல் வீட்டிலேயே தங்கிவிடுவோர் உளர். சிறப்பாக, கருப்பை வாய்ப் புற்றுநோய் கண்ட தாய்மார்கள் நாணத்தாலும் அச்சத்தாலும் நோயை மறைத்து, நாட்டு மருந்து, வேண்டுதல் என்று திங்கள்களைக் கழித்துவிட்டு, இறுதியில் முற்றிய நிலையில் வந்து சேருகின்றனர். தொடக்க நிலையில் வந்தாலோ, பெரும்பாலோரைக் காப்பாற்ற இயலும் நோய் அது.

உண்மையில் நிகழ்வது யாது? முதலில் கட்டியின் இடத்தைப் படம் எடுத்து அளந்து, தோலின்மீது மையால் குறியிடுவர். அக்குறியைத் தேய்த்துக் கழுவிவிடலாகாது. ஒவ்வொரு நாளும் கதிர் அதே இடத்திற் பட அதுவே வழிகாட்டி. பின்னர் நோயாளியை மேசைமீது படுக்கச் செய்து, பணியாளர் வெளியே சென்று கதவை மூடுவர். அவர்கள் வெளியேறுவது, நாள்தோறும் பலருக்குச் சிகிச்சை அளிப்பதால் தம்மைக் காத்துக்கொள்ளும் பொருட்டேயன்றி, நோயாளியைக் கைவிடுவது அன்று. கருவிக் கண்களின் வழியே அவர்கள் பார்த்துக்கொண்டே இருப்பர். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். வலி இல்லை, சூடு இல்லை, அதிர்ச்சியும் இல்லை.

கதிரின் அளவைக் "கிரே" என்னும் அலகால் குறிப்பர். வழக்கமாக நாளொன்றுக்கு 2 கிரே வீதம், வாரத்திற்கு ஐந்து நாட்கள், ஐந்து முதல் ஏழு வாரங்கள் வரை சிகிச்சை நடைபெறும். ஒரே நாளில் கொடுத்து முடித்தால் என்ன என்று கேட்கலாம். நலமான அணுக்கள் தம் காயத்தை இடைப்பட்ட நேரத்தில் ஆற்றிக்கொள்ள வல்லவை. புற்றணுக்களுக்கு அத்திறன் குறைவு. அந்த வேறுபாட்டையே மருத்துவம் பயன்படுத்துகின்றது. எனவே, "சற்று நலமாயிற்று" என்று பாதியில் நிறுத்திவிடுவதும், வீட்டு நிகழ்ச்சியை முன்னிட்டு இடையிடையே நாட்களை விட்டுவிடுவதும் நோய்க்கு வாய்ப்பளிப்பதாகும்.

களைப்பு, தோல் கருத்தல், கதிர் படும் இடத்தைப் பொறுத்து வாய்ப்புண் அல்லது வயிற்றுப்போக்கு ஆகியன தோன்றலாம். இவற்றுட் பெரும்பாலானவை சிகிச்சை முடிந்த சில வாரங்களில் தணிந்துவிடும். மருத்துவரைக் கேளாமல் எண்ணெயோ களிம்போ தடவுதல் கூடாது. மாதவிடாய் நின்ற பின்னரும் உதிரப்போக்கு, நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் போன்ற குறிகளைக் காணும் தாய்மார்கள் நாள் கடத்தலாகாது.

இவற்றைவிடத் துயரமான ஒன்றை நாம் சில இல்லங்களிற் கண்டதுண்டு. சிகிச்சை பெற்றுத் திரும்பிய தாய்க்குத் தனித்தட்டு, தனிப்பாய், தனி அறை. பேரப்பிள்ளைகள் அருகிற் செல்லாதவாறு தடுக்கப்படுகின்றனர். "அம்மாவின் உடம்பிலிருந்து கதிர் வருமாமே" என்று மருமகள் கிசுகிசுக்கின்றார். நோயால் வந்த துன்பத்தைவிட இத்தனிமையே அத்தாயை வாட்டுகின்றது.

இவ்வச்சத்திற்கு அடிப்படையே இல்லை. வெளியிலிருந்து அளிக்கும் கதிர், கருவி மூடப்பட்ட அந்நொடியிலேயே நின்றுவிடுகின்றது. முற்றத்தில் வெயிலிற் காய்ந்த மிளகாய், இரவில் வெளிச்சம் தருவதுண்டோ? வெயில் மிளகாயை உலர்த்திற்று. ஆனால் அதனை வெயிலாக்கிவிடவில்லை. அதுபோலவே காமாக் கதிர் பட்ட உடலும் கதிரியக்கம் உடையதாவதில்லை. அத்தாயின் தட்டில் உண்ணலாம். மடியிற் குழந்தையைக் கிடத்தலாம். புற்றுநோயும் தொட்டால் ஒட்டும் நோய் அன்று.

உடலின் குழிவினுள் இரிடியம்-192 போன்ற ஊற்றைச் சில நிமிடம் வைத்து எடுக்கும் சிகிச்சையிலும், ஊற்றை எடுத்தபின் உடலில் எதுவும் எஞ்சுவதில்லை. விலக்காக ஒன்றை மட்டும் கூறுதல் வேண்டும். தைராய்டு நோய்க்காக அயோடின்-131 என்னும் மருந்தை உட்கொண்டோரின் உடலிலிருந்து சில நாட்களுக்குக் கதிர் வெளிப்படும். அதன் வலிமை எட்டு நாட்களில் பாதியாகும். அந்நாட்களில் கருவுற்ற பெண்களிடமிருந்தும் சிறு குழந்தைகளிடமிருந்தும் மருத்துவர் கூறும் காலம்வரை விலகியிருத்தல் வேண்டும். அதுவும் சில நாட்களுக்கே அன்றி வாழ்நாள் முழுமைக்கும் அன்று.

உடலினுள் ஏற்றிய விளக்கு

நோயைத் தீர்ப்பதற்கு மட்டுமன்றி, நோயைக் கண்டறிவதற்கும் காமா உதவுகின்றது. எக்ஸ் கதிர்ப் படத்தில் விளக்கு வெளியே இருக்கும். அணு மருத்துவத்திலோ விளக்கை உடலினுள்ளேயே ஏற்றுகின்றனர். டெக்னீசியம்-99எம் என்னும் பொருளை ஏற்றதொரு மருந்துடன் சேர்த்து மிகச் சிறிய அளவில் ஊசிவழி செலுத்துவர். எலும்பை நாடும் மருந்தாயின் எலும்பிலும், இதயத்தை நாடுவதாயின் இதயத்திலும் அது தங்கும். அங்கிருந்து வரும் காமாக் கதிரை, 1950களில் ஹால் ஆங்கர் என்பார் உருவாக்கிய காமாக் கேமரா படம்பிடிக்கும். உறுப்பின் வடிவை மட்டுமன்று, அது எங்ஙனம் பணிபுரிகின்றது என்பதையும் அப்படம் காட்டும்.

டெக்னீசியத்தின் வலிமை ஆறே மணி நேரத்தில் பாதியாகிவிடும். அவ்வாறாயின் அதனை எங்ஙனம் சேமித்து வைப்பது? மருத்துவமனைகள் மாலிப்டினம்-99 என்னும் தாய்ப்பொருள் அடங்கிய சிறு கலத்தை வாங்கி வைக்கின்றன. அதன் அரைவாழ்வு 66 மணி. அது சிதையுந்தோறும் டெக்னீசியம் பிறக்கின்றது. அதனை நாள்தோறும் காலையிற் கறந்து எடுத்துக்கொள்கின்றனர். அறிவியலார் அக்கலத்தைப் "பசு" என்றே செல்லமாக அழைப்பதுண்டு. படம் எடுத்த மறுநாளே உடலில் உள்ள கதிர் பெரும்பாலும் அடங்கிவிடும். பாலூட்டும் தாய்மார்கள் மட்டும் தம் நிலையை முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும்.

கிருமி நீக்கும் கதிர்

கொதிநீரில் இட்டால் நெகிழிப் பொருட்கள் உருக்குலையும். அப்படியாயின் கையுறை, குருதி ஏற்றும் குழாய், அறுவை நூல் ஆகியவற்றை எங்ஙனம் தூய்மைப்படுத்துவது? அவற்றை உறையிலிட்டு ஒட்டி, பெட்டியில் அடுக்கி, பெட்டியோடு காமாக் கதிரின் முன் செலுத்திவிடுகின்றனர். கதிர் அட்டையையும் உறையையும் ஊடுருவிச் சென்று உள்ளிருக்கும் கிருமிகளை அழிக்கின்றது. உறையைப் பிரிக்கும் கணம்வரை மறுபடி கிருமி புக வழியே இல்லை. இதற்கென 1974இல் மும்பை டிராம்பேயில் "ஐசோமெட்" என்னும் நிலையம் தொடங்கப்பெற்றது. இன்று நாட்டின் பல இடங்களிலும் இத்தகைய நிலையங்கள் உள்ளன. இதற்கு வழக்கமாக வேண்டிய அளவு 25,000 கிரே. மனித உடல் முழுவதிலும் ஒரே வேளையில் 4 அல்லது 5 கிரே பட்டாலே, சிகிச்சை இன்றேல் பாதிப்பேர் மடிவர் என்பதை நோக்க, இக்கதிரின் ஆற்றல் விளங்கும். ஆதலாலன்றோ அக்கோபால்ட் ஊற்றை ஆழ்ந்த நீர்த்தொட்டியினுள்ளும், கனத்த சிமெண்டுச் சுவர்களுக்குள்ளும் சிறைவைத்துள்ளனர்!

எகிப்து நாட்டுப் பேரரசன் இரண்டாம் ராம்சேஸின் பதப்படுத்திய உடலைப் பூஞ்சை அரித்தபோது, 1976இல் அதனைப் பாரிசுக்குக் கொண்டுவந்து, காமாக் கதிரின் துணையால் பூஞ்சையை ஒழித்தனர். மூவாயிரம் ஆண்டுத் தொன்மையுடைய அவ்வுடலை மருந்தில் நனைக்காமலும் கைபடாமலும் காக்க, இதனினும் ஏற்ற வழி வேறு கிட்டவில்லை.

அடுக்களையில் காமா

வெங்காயமும் உருளைக்கிழங்கும் மூலையிற் கிடந்து முளைவிடுவதை எந்த இல்லத்தரசிதான் அறியார்? ஏறத்தாழ 100 கிரே அளவுக் கதிர் பட்டால் அவை முளைப்பதில்லை. மகாராட்டிர மாநிலத்தில் வெங்காயச் சந்தைக்குப் பெயர்பெற்ற லாசல்காவ் ஊரில், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்கென ஒரு நிலையம் அமைக்கப்பெற்றது. அங்கே கதிர்பட்ட அல்ஃபோன்சா மாம்பழங்களே 2007இல் அமெரிக்காவுக்குச் சென்றன. பழத்தினுள் ஒளிந்துள்ள வண்டும் புழுவும் தம் நாட்டிற் பரவிவிடுமோ என்று அஞ்சிய அந்நாட்டார், குறைந்தது 400 கிரே கதிர் பட்ட பழங்களையே ஏற்க இசைந்தனர். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள் முதலியவற்றில் உள்ள பூஞ்சையையும் கிருமியையும் ஒழிக்க அதனினும் பன்மடங்கு கதிர் வேண்டும்.

இவ்வுணவை உண்டால் தீங்கு நேருமோ? உலகச் சுகாதார நிறுவனமும் உணவு, அணுசக்தி ஆகியவற்றுக்கான பன்னாட்டு நிறுவனங்களும் கூட்டிய வல்லுநர் குழு, 10,000 கிரே வரை கதிர்பட்ட உணவால் நச்சுத் தீங்கு இல்லை என்று 1980இலேயே முடிவுகூறிற்று. வெயிலிற் காய்ந்த மிளகாயை இங்கும் நினைவிற் கொள்க. சில வைட்டமின்கள் ஓரளவு குறையக்கூடும்; சமைக்கும்போதும் அவ்வாறு குறைவதுண்டு. கதிர்பட்ட உணவின் உறைமீது, வட்டத்தினுள் இதழ் விரித்த செடி போன்ற பச்சைக் குறி இருக்கும். ஆயினும் அழுகிய உணவைக் கதிர் நல்லதாக்கிவிடாது. கெட்டுப்போகாமல் காப்பதே அதன் வேலை, கெட்டதை மீட்பதன்று.

வயலிலும் ஆலையிலும்

கால்நடைகளின் புண்ணில் முட்டையிட்டு, உயிருள்ள தசையையே தின்னும் புழுவை உண்டாக்கும் ஓர் ஈ அமெரிக்கக் கண்டத்தில் உண்டு. அதன் பெண் ஈ வாழ்நாளில் ஒருமுறையே இணையும் இயல்புடையது. இதனை உற்றுநோக்கிய எட்வர்டு நிப்லிங் என்னும் அறிஞர், ஆண் ஈக்களைக் கதிரால் மலடாக்கிப் பறக்கவிட்டால், அவற்றோடு இணையும் பெண் ஈக்களின் முட்டைகள் பொரியா என்று கண்டார். 1954இல் கியூரசாவ் தீவில் இம்முறையால் அவ்வீ அறவே ஒழிந்தது. பின்னர் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் அது விரட்டப்பட்டது. 2023க்குப்பின் மத்திய அமெரிக்காவில் அது மீண்டும் தலைதூக்கி, 2024இல் மெக்சிகோவை எட்டியபோதும், மலட்டு ஈக்களே மக்களுக்குக் கைகொடுக்கும் படையாய் அமைந்தன. ஆப்பிரிக்காவின் சான்சிபார்த் தீவில் உறக்க நோயைப் பரப்பும் வகையைச் சேர்ந்த செட்சி ஈயும் இவ்வாறே 1997இல் ஒழிக்கப்பட்டது. நஞ்சு தெளிக்காமல் பகையை வெல்லும் வழி இது.

விதைகளைக் கதிருக்கு உட்படுத்தி, அதனால் விளையும் மாறுதல்களுள் நல்லவற்றைத் தேர்ந்தெடுத்துப் புதிய பயிர் வகைகளை உருவாக்குவதும் உண்டு. டிராம்பேயில் இம்முறையின் துணையால் உருவான டி.ஏ.ஜி.-24 என்னும் நிலக்கடலை, பல மாநிலங்களில் உழவரின் நம்பிக்கையைப் பெற்றது.

ஆலைகளிலோ காமா ஒரு கண்டிப்பான மேற்பார்வையாளர். திருச்சிராப்பள்ளியில் உருவாகும் உயரழுத்தக் கொதிகலன்கள் போன்றவற்றில் பற்றவைத்த இணைப்புகள் எண்ணிறந்தவை. அவற்றுள் ஒன்றில் மயிரிழை போன்ற விரிசல் இருப்பினும் பேரிடர் நேரலாம். இரும்பை அறுத்துப் பார்க்காமலேயே, ஒருபுறம் இரிடியம்-192 ஊற்றையும் மறுபுறம் படச்சுருளையும் வைத்துக் குறையைக் கண்டுபிடிக்கின்றனர். மூடிய கொள்கலத்தில் எவ்வளவு திரவம் உள்ளது, ஓடும் தாளின் கனம் எவ்வளவு என்று அளப்பதற்கும், துறைமுகத்தில் பூட்டிய பெட்டிகளைத் திறவாமல் சோதிப்பதற்கும் கதிர்கள் பயன்படுகின்றன.

எச்சரிக்கை தேவை

நன்மைகளை இவ்வளவு எடுத்துரைத்தபின், தீமையைக் கூறாது விடுவது நேர்மை ஆகாது. 1987இல் பிரேசில் நாட்டின் கோயானியா நகரில், கைவிடப்பட்ட மருத்துவமனை ஒன்றிலிருந்து பழைய கதிர்க் கருவியைக் காயலான் சரக்கு என்றெண்ணி இருவர் எடுத்துச் சென்றனர். அதனை உடைத்தபோது, இருளில் நீலமாய் ஒளிர்ந்த சீசியம்-137 தூளைக் கண்டு மக்கள் வியந்தனர். உற்றார்க்கும் நண்பர்க்கும் பகிர்ந்தளித்தனர்; சிலர் உடலிலும் பூசிக்கொண்டனர். நால்வர் மாண்டனர், அவருள் ஒருத்தி ஆறு வயதுச் சிறுமி. 249 பேர்மீது கதிரியக்கப் பொருள் படிந்திருந்தது. 2010இல் நம் தலைநகர் தில்லியின் மாயாபுரியிலும் இதுவே நிகழ்ந்தது. நெடுங்காலம் பயனின்றிக் கிடந்த ஆய்வுக்கூடக் கருவியொன்று பழைய இரும்பாக ஏலத்திற் போயிற்று. அதனுள் கோபால்ட்-60 இருந்தது. தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார், பலர் நோயுற்றனர்.

இவ்விரு துயரங்களிலும் கொன்றது கதிர் மட்டுமன்று. பொறுப்பின்மையும் அறியாமையும் கூட்டுச் சேர்ந்தே கொன்றன. பழைய இரும்புக் கடைகளில் உழைப்போரும், குப்பையிற் பொருள் பொறுக்கும் ஏழைகளும் முதலிற் பலியாகின்றனர் என்பதையும் நாம் மறத்தலாகாது. மஞ்சள் நிறத்தின்மேல் மூன்று இதழ்கள் கொண்ட விசிறி போன்ற குறி கதிரியக்கத்தின் அடையாளம். அதனை அறியாதோர்க்கும் விளங்கும்படி, சிவப்பு முக்கோணத்தில் மண்டையோடும் ஓடும் மனிதனும் வரைந்த புதிய குறியும் 2007இல் அறிமுகமாயிற்று. இவற்றையும், கைக்கு மீறிய கனமுள்ள ஈய உருளைகளையும் கண்டால் தொடாமல் விலகி, காவல்துறைக்கு அறிவித்தல் வேண்டும். இதனை நம் பிள்ளைகளுக்கும் கற்பிப்போமாக.

கதிரோடு பணிபுரிவோர்க்கு மூன்றே விதிகள்: அருகில் இருக்கும் நேரத்தைக் குறைத்தல், தொலைவைக் கூட்டுதல், இடையே தடுப்பை வைத்தல். தொலைவை இரட்டித்தால் கதிர் நான்கில் ஒன்றாகக் குறையும். கருவுற்ற பெண்கள் எக்ஸ் கதிர்ப் படம் எடுக்குமுன் தம் நிலையைக் கூறுதல் வேண்டும். "எதற்கும் ஒரு படம் எடுத்துவிடுவோம்" என்று மருத்துவரை வற்புறுத்துவதும் தவறு. தேவையான படத்தை அஞ்சி மறுப்பதும் தவறு.

நெருப்பைக் கண்டறிந்த நாளில் மனிதன் அதனால் சுடப்பட்டும் இருப்பான். ஆயினும் அதனை அடுப்பில் அடக்கி, அன்னம் சமைக்கக் கற்றான். காமாவும் அத்தகையதே. அடங்கிய இடத்தில் அது ஊழியன், அவிழ்த்துவிட்டால் அழிவு. இவ்வேறுபாட்டை அறிந்த இல்லத்தில், சிகிச்சைக்குச் செல்ல அஞ்சும் ஒருவரை நாள் கடவாமல் அழைத்துச் செல்லும் துணிவு பிறக்கும். சிகிச்சை முடித்துத் திரும்பும் தாய்க்குக் குடும்பப் பந்தியில் அவருக்குரிய இடமும் கிடைக்கும். அறிவு தரும் பயன்களுள் இதனினும் பெரியது யாதுளது?